பச்சைத் திருத்தம்

மரக்காணத்து டிடிபி ஆபரேட்டர் மவுஸைத் தொடும் முன், உப்புக்காற்றில் பிசுபிசுக்கும் விரல்களைச் சட்டையில் துடைப்பார். உப்பளப் பெண்களின் மனுவை, அவர்களுக்கு உதவ வந்த நாங்கள் மூன்று பேர் தனித்தனியாகத் திருத்தி அனுப்பியிருந்தோம். அவர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, எல்லாத் திருத்தங்களையும் அப்படியே ஏற்கும்படி அக்செப்ட் கொடுத்துவிட்டார். பிரிண்டில் குடிதண்ணீர், கழிப்பறைக் கோரிக்கைகளைக் காணவில்லை. வணக்கமும் நன்றியும்தான் மிச்சம்.

பிரிண்டை அவர் மேஜைமேல் வீசினேன். "படிச்சுப் பாக்க மாட்டியாய்யா? நீயெல்லாம் மனுஷனா?"

அவர் நாங்கள் அனுப்பிய ஃபைல்களைத் திறந்து காட்டினார். "ஆளுக்கு ஒரு கலர் சார். தண்ணிய எடுத்தது செவப்பு. நீலம் கமா மட்டும் போட்டிருக்காரு. கழிப்பறைய எடுத்த பச்சை நீங்கதான்."

ஆமாம். படிக்க அசிங்கமாக இருக்குமென்று நான்தான் எடுத்தேன்.

அவர் மறுபடி விரல்களைத் துடைத்துக்கொண்டார். அது உப்புக்காகத்தானா என்று இன்றுவரை தெரியவில்லை.