தங்கப் பல்லில் சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பிறவியிலேயே குள்ளம். வேங்கிக்கால் பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில் பழைய சாமான்களைக் கழித்தபோது அப்பா அதை வாங்கி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். நிறுத்திவைத்தால் தடித்த புத்தகம் போல இருக்கும். படுக்கவைத்தால் அதன்மேல் டிவி ரிமோட், சீப்பு, மாத்திரை அட்டை என்று சகலமும் வந்து குடியேறிவிடும். அம்மா அதற்குப் பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தியிருந்தாள். துணியை எடுக்காமல் ஓட்டினால் பெட்டி சூடேறிப் பெருமூச்சு விடும்.

அக்கா டவுன் காலேஜில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஆறாம் வகுப்பு. கம்ப்யூட்டரிலேயே உருவங்களைச் செய்து நடக்கவைக்கும் படிப்பு ஒன்று வடக்கே எங்கேயோ ஒரு கல்லூரியில் இருப்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அதில் சேர நாமே செய்த சின்னப் படம் ஒன்றை அனுப்ப வேண்டுமாம். பௌர்ணமி அன்று மலையைச் சுற்றிக் கூட்டம் நடந்து போவதைச் செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். மலை வந்தது. நிலா வந்தது. மனிதர்களை நடக்கவிட்டதும் பெட்டி மலைத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது.

அம்மாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை. அக்கா பி.எட். முடிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும், சாயங்காலப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து இறங்க வேண்டும். இதுதான் அம்மா போட்டுவைத்திருந்த திட்டம். "காலையில போனவ சாயந்தரம் வூட்டுக்கு வரணும். அது போதும் எனக்கு" என்பாள். கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருந்த அப்பாவோ எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அந்தப் பாக்கலாமுக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு.

படம் வரைகிற வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டைப் போட்டால் பெட்டி ஓடும் என்று சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. ஆசிரமப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நாலு பேருக்கு வைஃபை பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்த அனுபவத்தில் கம்ப்யூட்டர் சாஸ்திரம் முழுவதும் தனக்கு அத்துபடி என்பது அவருடைய எண்ணம். கார்டு வந்துவிட்டால் கார் ரேஸ் விளையாட்டில் மழைகூடப் பெய்யும் என்று அக்கா எனக்கு ஆசை காட்டிவைத்திருந்தாள். ஆகவே நானும் மாமா கட்சி.

மாமா சென்னைக்குப் போய் ஒரு கார்டை வாங்கிவந்தார். பெரிய விசிறி வைத்த, கம்பீரமான கார்டு. பெட்டியைத் திறந்து பொருத்தினால் பாதி வெளியே நின்றது. மூடி மூடவில்லை.

"மூடி இன்னாத்துக்கு? தொறந்தே கெடக்கட்டும், காத்தாட இருக்கும்" என்றார் மாமா.

"பல்லி வுழும்டா" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டுப் பல்லிகளின் எண்ணிக்கையை அறிந்தவர் என்பதால் மாமா மறுபேச்சுப் பேசவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்து, குள்ளப் பெட்டிக்கென்றே செய்த குள்ளக் கார்டைத் தேடி வாங்கிக்கொண்டு அவர் வந்து நின்றபோது ஆயுதபூஜை. படத்தை அனுப்பக் கடைசி நாள், விஜயதசமிக்கு மறுநாள்.

பூஜைக்கு எல்லாம் வரிசையாகக் காத்திருந்தன. அரிவாள்மனை, கடப்பாறை, அப்பாவின் டீ பாய்லர், என் புத்தகங்கள், குளித்துவிட்டுப் படுத்திருந்த கம்ப்யூட்டர். அம்மா கார்டையும் கையோடு வாங்கி அந்த வரிசையில் வைத்துவிட்டாள்.

"அம்மா, இன்னைக்கே மாட்டணும்மா. டைம் ரொம்பக் கம்மியா இருக்குது" என்றாள் அக்கா.

"புதுப் பொருளு. பொட்டு வெக்காம மாட்டினா வெளங்குமாடி? பூஜையில வெச்சத நாளைக்குத்தான் தொடணும்."

அம்மாவுக்கு அந்தப் படிப்பு ஆகாது என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வந்த பொருளுக்குப் பொட்டு வைக்காமல் இருப்பது அவளால் ஆகாத காரியம். சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விசிறியில் வைத்தால் வழுக்கியது. மற்ற இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தது. கடைசியில், கீழ் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்களாகத் தங்க நிறத்தில் மின்னிய வரிசையைக் கண்டுபிடித்தாள். பட்டுப்புடவை ஜரிகை போல இருந்தது அது. "இங்கதான் லட்சுமி இருக்குறா" என்று சொல்லி, தாராளமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள். மூன்று பொட்டு. எனக்கும் அந்தக் கார்டு அப்போதுதான் அழகாகத் தெரிந்தது.

விஜயதசமி காலையில் மாமா குளித்து, பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த தூசியைச் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினார். அது பெட்டியைவிட்டு வெளியேறி எங்கள் தலையில் அமர்ந்தது. கார்டைப் பெட்டியோடு பிடித்துவைக்கும் நீளமான தகட்டைக் கழற்றி, கூடவே வந்த குட்டையான தகட்டை மாட்டும்போது ஒரு திருகாணி உள்ளே விழ, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினார். எல்லாம் முறைப்படி நடந்தது. அப்போதுதான் அக்கா பொட்டைப் பார்த்துவிட்டுத் துப்பட்டா முனையால் துடைக்கப் போனாள்.

"அழிக்காதடி! விஜயதசமியும் அதுவுமா யாராச்சும் பொட்ட அழிப்பாங்களா?" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் பாய்ந்து வந்தது.

"காஞ்சிதானே கெடக்குது. ஒண்ணும் ஆவாது" என்று சாஸ்திரம் அறிந்த மாமாவும் தீர்ப்புச் சொன்னார். பொட்டோடு கார்டு உள்ளே இறங்கியது.

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கார்டைக் கழற்றினால் பழையபடி படம் வந்தது. மாட்டினால் கறுப்பு. மாமா ஒயரைப் பிடுங்கிச் செருகினார், சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார், பெட்டியின் முதுகில் தட்டினார். வியர்வையில் விபூதி கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது. கடைசியில், "கார்டு செத்துடுச்சு. நாளைக்குப் போயி மாத்தி எடுத்தாறேன்" என்றார்.

அவர் போய்த் திரும்புவதற்குள் நாளையே முடிந்துவிடும். அக்கா எழுந்து பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தாள். அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன். எனக்கு என் மழை போன கவலை.

அம்மா சுண்டலைத் தாளித்து இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கழற்றிவைத்திருந்த கார்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஏண்டா, நான் வெச்ச பொட்டாலயா?"

மாமாவுக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்ச நேரமாகவே இருந்திருக்கும். ஆனால் தன் அக்காவிடம், அதுவும் பூஜைச் சமாச்சாரத்தில், யார் வாயைக் கொடுப்பது? "சேச்சே, அதெல்லாம் இல்லக்கா" என்று தலையைச் சொறிந்தார்.

அம்மா பின்பக்கம் வந்து அக்கா முன்னால் நின்றாள். "நீ சொல்லுடி. பொட்டாலயா?"

அக்கா தலை நிமிரவில்லை. "அந்தப் பல்லுதாம்மா உள்ள போயித் தொடணும். நடுவுல பொட்டு இருந்தா எப்படித் தொடும்?"

அம்மா கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நான் அக்காவின் பக்கம் ஒண்டிக்கொண்டேன்.

"எதால அழிக்கணும்?"

"ரப்பரால தேச்சா போயிடும்."

என் பையிலிருந்து ரப்பர் எடுக்கப்பட்டது. ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். நான் அதை முகர்ந்து பார்ப்பதற்கு மட்டுமே வைத்திருந்தேன். என் ஆட்சேபணையை யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா கார்டுக்குக் கையை நீட்டினாள். அம்மா தரவில்லை.

"நான் வெச்சது. நானே அழிக்கிறேன்."

வாசல் படியில் வெளிச்சமாக உட்கார்ந்து, கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க ஆரம்பித்தாள். அரிசியில் கல் பொறுக்கும்போது இருக்கும் அதே முகம். குங்குமம் போயிற்று, சந்தனம் போயிற்று. அதற்கப்புறமும் தேய்த்தாள். "போதும்க்கா" என்று மாமா சொன்னதும், "இங்க ஓரத்துல இன்னும் இருக்குதுடா" என்றாள். ரப்பர் சிவந்து பாதியாகிவிட்டது. மாமா பெட்டிக்குள் கார்டைச் செருகும் துளைவரிசையைப் பம்பால் ஊதிச் சுத்தம் செய்து, அம்மா கொடுத்த கார்டை உள்ளே அழுத்தினார்.

திரையில் வெளிச்சம் வந்தது. மாமா "பாத்தியா, நான்தான் சொன்னேன்ல?" என்றார். அவர் எதைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை சந்தோஷம். சுண்டலை வாரி வாரித் தின்றோம். அக்கா அவள் படத்தைத் திறந்தாள். நிலா வெளிச்சத்தில் மனிதர்கள் மலையைச் சுற்றி நடந்தார்கள். தடங்கல் இல்லாமல், கைவீசிக்கொண்டு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பெட்டி பெருமூச்சு விடவே இல்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அக்காவைவிட அழகாக யாரும் சிரித்திருக்க முடியாது.

அம்மா அவள் பின்னால் நின்று பார்த்தாள். "நல்லா இருக்குதுடி" என்றாள். அக்காவின் தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு மழை பெய்யும் கார் ரேஸ் கிடைக்கச் சாயங்காலம் ஆயிற்று. அதைக் காட்டுவதற்காக அம்மாவைத் தேடிப் போனேன். சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். படம் போய்ச் சேர்ந்தால் அக்காவுக்கு இடம் கிடைத்துவிடும், அப்புறம் அவள் எந்தச் சாயங்காலப் பஸ்ஸிலும் வந்து இறங்கமாட்டாள், அவளை வீட்டோடு நிறுத்த அன்றைக்கு அம்மா பேசாமல் இருந்திருந்தாலே போதும் என்பதெல்லாம் எனக்கு எட்டவில்லை. நல்ல நாளில் பொட்டை அழித்துவிட்டோமே என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சாமி கோச்சிக்காதும்மா" என்று அவள் முதுகைத் தடவி நான்தான் தைரியம் சொன்னேன்.