தைலக்கா நோயாளி பார்க்கப் போனது

திருச்சபையில் எந்தப் பெண் கண்ணை மூடினாலும், குளிப்பாட்டி, வாசனைத் தைலம் பூசி, உடுத்திவிடுவது தைலக்காதான். சொந்தப் பெயர் அவளுக்கே மறந்திருக்கும். "கொஞ்சம் தலையைத் திருப்பும்மா" என்று இறந்தவளிடம் பேசிக்கொண்டேதான் குளிப்பாட்டுவாள். தங்கமான மனுஷி. ஆனால் பாவம், உடம்புக்கு முடியாத யாரையும் அவள் போய்ப் பார்க்க முடியாது. ஒருமுறை கால் பிசகிப் படுத்திருந்தவளைப் பார்க்கப் போக, அந்த வீட்டுக்காரர் பெண்டாட்டி போய்விட்டாளோ என்று வாசலிலேயே வேர்த்து விறுவிறுத்துப் போனார். நல்ல கூத்து! அன்றிலிருந்து நோயாளி வீட்டுப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

இப்போது படுத்திருப்பது அவளுடைய நாத்தனார். வாய்த்துடுக்குக்காரி, கல்யாணமான நாள் முதல் இவளோடு சண்டை போட்டுச் சண்டை போட்டே உயிராகிப் போனவள். டாக்டர் கையை விரித்துவிட்டார். நாத்தனாரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. தைலக்கா போய் நின்றால் அவளுக்கு விளங்கிவிடும். போகாவிட்டால் இனி பிணமாகத்தான் பார்க்க வேண்டும். தைலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வேதத்தில் வரும் பெண்களைப் பற்றிப் பேசினார். வாசனைப் பொருள்களோடு விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போனவர்களுக்குப் பூச உடல் கிடைக்கவில்லை. அவர் உயிரோடு பந்தியில் இருந்தபோதே தைலத்தை ஊற்றினாளே ஒருத்தி, அவளுக்குத்தான் அது வாய்த்தது. வீண் செலவு என்று சுற்றியிருந்தவர்கள் அவளைத் திட்டினார்களாம். தைலக்கா பாதி ஆராதனையிலேயே எழுந்து நடையைக் கட்டினாள்.

நாத்தனார் அவளையும் அவள் கையிலிருந்த தைலப் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, அவ்வளவு அவசரமா?"

தைலக்கா புட்டியின் மூடியைத் திருகினாள். "அப்புறமா பூசினா உனக்குத் தெரியாதேடி."

"எனக்கு எப்பவோ தெரியும் அண்ணி. நீங்கதான் வரவே இல்லையேன்னு இருந்தேன்."

அப்படிச் சொல்லிப் போர்வையை விலக்கிக் காலை நீட்டினாள். வெடித்துக் கிடந்த பாதங்களில் தைலக்கா புட்டி முழுவதையும் ஊற்றித் தேய்த்தாள். உள்ளங்கால் கூசுகிறது என்று நாத்தனார் காலை இழுத்துக்கொண்டு சிரிக்க, சிரிப்பு எங்கே அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை. வீட்டார் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டுமே.

அடுத்த மாதம் குளிப்பாட்ட இவளைத்தான் கூப்பிட்டார்கள். தைலம் எங்கே என்று கூட இருந்த பெண்கள் கேட்டார்கள். அவளுக்கு முன்னாடியே பூசியாகிவிட்டது என்றாள் தைலக்கா. தலை, தோள், கை என்று துடைத்துக் கடைசியாகப் பாதத்துக்கு வந்தாள்.

"கூசும், கொஞ்சம் பொறுத்துக்கோடி" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாள்.