சீட்டுக்கு வைத்த தகரம்

பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடக்கும்போதுதான் அந்த மீன்காரரைப் பார்த்தேன். மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். எதையும் ஒருமுறை தட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. மீன் பெட்டியைத் தட்டினார், படகின் கம்பியைத் தட்டினார், என் சைக்கிள் சீட்டையும் தட்டினார். அது வழக்கம்போல் கீழே இறங்கியது.

“எவ்வளவு இறுக்கினாலும் இப்படித்தான் அண்ணன்,” என்றேன். நான் மருத்துவமாது. பிள்ளை பெற்று மூன்று நாளான ஒரு தாயைப் பார்க்க அக்கரையில் வெகுதூரம் மிதிக்க வேண்டியிருந்ததையும் சொன்னேன்.

“நட்டுல பிழையில்ல மிஸ்ஸி. குழாய் பெரிசு, சீட்டுக் கம்பி மெலிசு. இடையில தகரம் வைக்கணும்.”

தன் சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார். வளைந்த தகரத் துண்டொன்றோடு வந்து, அதைக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் இறக்கி இறுக்கினார். ஏறி இருந்து பார்த்தேன். சீட் அசையவில்லை.

“நல்லகாலம், தகரம் வெச்சிருந்தீங்க.”

“ஓம், கிடந்திச்சி.”

கரையில் அவர் முதலில் புறப்பட்டார். நாலு மிதி மிதிப்பதற்குள் அவருடைய சீட் அடிவரை இறங்கி, முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்துவிட்டன. “அண்ணன்!” என்று கத்தினேன்.

திரும்பாமலே கையை ஆட்டினார். “பிள்ளையப் போய்ப் பாருங்க மிஸ்ஸி!”

இப்போதும் பாதையில் ஏறினால் ஆட்களின் முகத்தைப் பார்க்குமுன் சைக்கிள் சீட்டுகளைத்தான் பார்க்கிறேன்.