இன்பமேரி ஏற்ற மறுத்த சீர்

சூரியநெல்லியில் இன்பமேரியின் வண்டியைச் சவாரிக்குக் கூப்பிட்டால் முதல் கேள்வியே, "என்னென்ன சாமான்?" என்பதுதான். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிய காலத்தில், சாக்கைத் தலையில் வைத்ததுமே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். டிரைவரான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எந்த மூட்டையையும் தூக்கிப் பார்க்காமல் ஏற்றமாட்டாள். சரியான பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் பிள்ளைத்தாய்ச்சிகளை அவள் வண்டியில் அனுப்புகிறார்கள்.

அன்று சவாரி சொந்த அக்கா அன்னாளுக்கு. அன்னாளின் மகள் சோனாவையும் கைக்குழந்தையையும் போடியில் மாப்பிள்ளை வீட்டில் விட வேண்டும். வெறுங்கையோடு விட முடியுமா? அரிசி மூட்டைகள், மரத்தொட்டில், அண்டா, வாழைத்தார் எல்லாம் வாசலில் குவிந்து கிடந்தன.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்த இன்பமேரி குனிந்து வண்டியின் பின்டயரைப் பார்த்தாள். போன வாரம் கல் கிழித்துப் பின்டயர் ஒன்று போய்விட்டது. கடையில் அதே அளவில் வேறொன்றைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். பழைய டயரின் பக்கவாட்டில் 91 என்று இருந்தது, இதில் 87. அதை அக்காவுக்குக் காட்டினாள்.

"எம்பத்தேழு கிலோதேன் தாங்குமா? நான் ஒருத்தியே அம்புட்டு இருப்பேனேடி!" என்று சிரித்தாள் அன்னாள்.

"அது கிலோ இல்லக்கா, கம்பெனிக் கணக்கு. தொண்ணூத்தொண்ணுன்னா ஒரு டயரு அறுநூத்திப் பதினஞ்சு கிலோ தாங்கும். எம்பத்தேழுன்னா ஐநூத்தி நாப்பத்தஞ்சுதேன். வண்டியோட கனமும் அதுல சேத்தி. மத்த மூணும் நல்லா இருந்து என்ன, இது ஒண்ணு வெடிச்சாப் போதாதா?"

"அப்ப சாமான் வண்டில போகட்டும். நாங்க புள்ளையத் தூக்கிட்டு பஸ்ல வாரோம்."

"நல்லாருக்கே! பச்சப்புள்ள பஸ்ல, அண்டா கார்லயா? நீங்க ஏறுங்க. சாமான அத்தான் மத்தியானம் பிக்கப்ல கொண்டாரட்டும்."

சீரில்லாமல் போய் இறங்கினால் மகளைச் சம்பந்தி வீட்டில் மதிப்பார்களா என்பதே அன்னாளின் பயம். "எம் மக வாழ்க்கையில மண்ணப் போடாதடி" என்று அழுதுவிட்டாள். இன்பமேரிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் அன்னாள் மகளோடு ஏறினாள்.

போடிமெட்டு தாண்டி இறங்கும்வரை அன்னாள் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள். பாதி மலையில் இன்பமேரி வண்டியை நிறுத்தி, இறங்கிப் பின்டயரைத் தொட்டுப் பார்த்தாள். அன்னாளும் இறங்கி வந்து தொட்டாள். சூடு தாங்காமல் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். "சாமான் இல்லாமலே இப்பிடிக் கொதிக்குதே!" என்றாள். பிறகு மகளிடம் போய்க் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

போடியில் சம்பந்தியம்மாளின் கண் முதலில் போனது வெறும் வண்டிக் கூரைக்குத்தான்.

"சீரு பின்னால வருது, சம்பந்தி. புள்ளையோட பாரம் ஏத்தக் கூடாதுன்னு நாந்தேன் கண்டிசனாச் சொல்லிட்டேன்" என்றாள் அன்னாள், கொஞ்சமும் கூசாமல். இன்பமேரி சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

பிக்கப்பில் சீர் வந்து இறங்கியபின், சாயங்காலம் அக்காவும் தங்கையும் மட்டும் காரில் திரும்பக் கிளம்பினார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு மூட்டை தேங்காயைக் கொண்டுவந்து டிக்கியில் வைக்கப் போனார்கள். அன்னாள் பட்டுச்சேலையோடு குறுக்கே நின்றாள்.

"ஏத்தாதீங்க! டயருல போட்ருக்க நம்பரப் பாத்தீகளா?"

"ரெண்டே பேருதானக்கா போறோம். ஒரு மூட்டை தாராளமாத் தாங்கும்" என்றாள் இன்பமேரி.

அன்னாள் தங்கையை முறைத்தாள்.

"தூக்கிப் பாத்தியாடி மொதல்ல?"

இன்பமேரிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. குனிந்து மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.