பறவை வீட்டுக்கு எத்தனை மதிப்பெண்

எண்பதுகளின் நடுவில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு பள்ளியின் கைவேலை வகுப்பில் நான் உதவி ஆசிரியையாக இருந்தேன். வகுப்பை நடத்தியவர் முன்பு தச்சராக இருந்த ஒரு சுவிஸ்காரர். அதிகம் பேச மாட்டார். குளிர்காலத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்க மரத்தில் சின்ன வீடு செய்வதுதான் அந்தப் பருவத்து வேலை. அதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று நாங்கள் இருவரும் திட்டமிட வேண்டியிருந்தது. அங்கே ஆறுதான் உச்ச மதிப்பெண்.

அவருக்குப் பலகைகளின் மூட்டுகள் இடைவெளியில்லாமல் பொருந்தினால் போதும். பிள்ளைகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று காரணம் எழுதுவதற்கும் மதிப்பெண் வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

"பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாம் செய்து பார்ப்போம்," என்றேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் பட்டறையில் இருவரும் ஆளுக்கொரு வீடு செய்து, ஒருவர் வேலைக்கு ஒருவர் மதிப்பெண் போட்டோம். என் கூரை கோணல், நான்கு கொடுத்தார். அவருடைய வீட்டில் நகம் நுழையவும் இடமில்லை.

"கூரைக்கு ஏன் இந்தச் சரிவு?" என்று கேட்டேன்.

தன் கைகளைப் பார்த்தார். "கை அப்படித்தான் போயிற்று."

"காரணம் எழுதவில்லையே. உங்களுக்கும் நான்குதான்."

கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவரோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. பிறகு, "எழுதத் தெரியாதவன் என்ன செய்வான்? வாயால் சொல்லட்டும்," என்று எங்கள் மதிப்பெண் திட்டத் தாளில் திருத்தினார்.

அந்தத் திருத்தம் யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஒரு சிறுமிக்கு உதவியது. அவளுக்கு ஜெர்மன் இன்னும் பிடிபடவில்லை. அவள் முறை வந்தபோது தமிழில் சொல்லச் சொன்னேன். நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு.

"கூரையை ஏன் இவ்வளவு நீட்டினாய்?"

"ஸ்னோ சரிஞ்செல்லோ கொட்டுது டீச்சர். தீனி நனைஞ்சு போகும். அதுதான் நீட்டி விட்டனான்."

"திரும்பச் செய்தால் எதை மாற்றுவாய்?"

"வாசலைச் சின்னனாக்குவன். இல்லாட்டிக் காகம் உள்ளுக்கை தலையை விட்டு எல்லாத்தையும் திண்டிடும்."

ஜெர்மனில் சொன்னேன். அவர் குனிந்து வாசலுக்குள் விரல்களை விட்டுப் பார்த்தார். "காகத்துக்குத் தமிழில் என்ன?" என்று என் வழியாக அவளிடமே கேட்டார். அவள் சொன்னாள். அவரும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஐந்தரை போட்டார். மூட்டில் பசை வழிந்திருந்ததாம். அதற்கு அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். நான் வாதாடிப் பார்த்தேன். அசையவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று சிறுமி கேட்டாள், சொன்னேன்.

"ஓம் டீச்சர், வழிஞ்சதுதான்," என்றாள், அவர் பக்கம் சேர்ந்துகொண்டு.