இரண்டு பிரதமர்களுக்கு ஒரே ஆம்புலன்ஸ்

1. உள்நாட்டுப் போரில் பிளந்த ஒரு நாட்டுக்காக, சென்னை அருகே ஒரகடத்தில் ஒரு வாகன ஆலையில் பன்னிரண்டு ஆம்புலன்ஸ்கள் தயாராகின்றன.
2. அங்கே வடக்கில் ஒருவர், தெற்கில் ஒருவர்; ஒவ்வொருவரும் தானே பிரதமர் என்கிறார். வண்டியில் தன் சின்னம்தான் இருக்க வேண்டுமாம்.
3. இருவருக்கும் பின்னால் ஆளுக்கொரு வல்லரசு. அந்த வல்லரசுகள் அனுப்பும் துப்பாக்கிகளுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

வண்டிகளை ஆய்வு செய்யக் கோவையிலிருந்து வந்த நான் ஆலையின் யார்டில் நிற்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டும் மேரியக்கா, கதவிலிருக்கும் சின்னத்தை மூன்றாவது முறையாகச் சுரண்டுகிறார்.

"மறுபடியும் மாத்தணுமா மேடம்?"

"ஆமாக்கா. இன்னைக்கு வடக்குக்காரர் லெட்டர் வந்திருக்கு."

"அடிபட்டவன் இன்னா, ஸ்டிக்கர் பாத்துட்டா வண்டில ஏறப் போறான்?"

பிளேடைக் கீழே வைத்துவிடுகிறார். நான் அந்த லெட்டரை மடித்துப் பைக்குள் வைக்கிறேன்.

மாலை ஐந்து மணி. பன்னிரண்டு வண்டிகளும் இங்கேயே நிற்கின்றன. அந்த நாட்டில் அடிபட்டவர்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறார்கள்.