முகர்ந்ததாகக் கையெழுத்திட்ட எண்ணெய்

பால் தீய்ந்து பாத்திரம் கருகிய பிறகுதான் எனக்கு மூக்கு போய்விட்டது தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து மகள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். “ஜல் கயா, அம்மா. தீஞ்ச வாசனை தெரியலையா?” என்றாள். தெரியவில்லை. ஒரு வாரக் காய்ச்சல் அப்போதுதான் விட்டிருந்தது. சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது, ஆறு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். சரி என்று சொல்லிவிட்டு மறுநாள் துவாரகாவிலிருந்து மெட்ரோ ஏறி வேலைக்குப் போனேன்.

என் வேலையே முகர்வதுதான். கரோல் பாக்கில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், வாசனை எண்ணெயும் சோப்பும் முகக் கிரீமும் செய்யும் சின்னக் கம்பெனி. எல்லா லேபிளிலும் ‘முழுக்க இயற்கை’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். எண்ணெய் கேன் வந்ததும் நான் ஒரு காகிதப் பட்டையை அதில் தோய்த்து முகர்வேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முகர்வேன். செடியிலிருந்து எடுத்ததா, ரசாயனம் கலந்ததா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். படித்தது வேதியியல் என்றாலும், இருபத்திரண்டு வருஷம் என்னை அங்கே வைத்திருந்தது மூக்குதான். ‘நாக்வாலி மேடம்’, மூக்குக்கார மேடம், என்பார்கள் பாட்டில் நிரப்பும் பெண்கள்.

மூக்கு போனதை வீட்டில் சொன்னேன். ஆபீசில் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். வழக்கம் போலப் பட்டையைத் தோய்த்து மூக்கருகே கொண்டுபோவேன். கண்ணை மூடுவேன். நிறத்தைப் பார்த்து, விற்றவர் கொடுத்த காகிதத்தைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து எழுதினேன். பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. சாப்பாடு கூட வாயில் சூடு, உப்பு, புளிப்பு என்ற அளவில்தான் இருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காபித்தூள் அரைக்கும் கடையில் ஒருநாள் வெகுநேரம் நின்றேன். இயந்திரச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

ஏழு மாதம் இப்படிப் போனது. பிறகு மொழிபெயர்க்கச் சொல்லி வாடிக்கையாளர் கடிதம் ஒன்று என்னிடம் வந்தது, தமிழில் எழுதியது. அனுப்பியவர் துவாரகாவிலேயே இருந்தார், மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு தூக்கமே இல்லை என்றும், எங்கள் லாவெண்டர் எண்ணெயைத் தலையணையில் இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் தூங்குகிறேன் என்றும் எழுதியிருந்தார். கடிதத்தில் குறித்திருந்த பாட்டில் நம்பரைப் பார்த்தேன். நான் மூக்கில்லாமல் கையெழுத்துப் போட்ட கேன்.

அன்றே முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னேன். பஞ்சாபிக்காரர், என் வயதுதான். எத்தனை மாதமாக என்று கேட்டார். ஏழு என்றேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். பிறகு நான் கையெழுத்திட்ட எல்லாக் கேன்களிலிருந்தும் சாம்பிள் எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னார்.

மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. லாவெண்டர் மட்டும் பாதிக்கு மேல் செயற்கை. லாவெண்டரின் வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற பொருள். செடியில் அது பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பிய வடிவில் இருக்கும். தொழிற்சாலையில் செய்தால் இடமும் வலமும் சரிபாதியாக வரும், ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. ஆய்வகம் அதை வைத்துத்தான் பிடித்தது.

ஒரே பொருள்தானே, யாருக்கும் கெடுதல் இல்லையே, எதற்கு வெளியே சொல்ல வேண்டும் என்று முதலாளி கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை. இயற்கை எண்ணெயிலும் தோல் தடிப்பவர்கள் உண்டு, செயற்கையில் எதுவும் ஆகாதவர்களும் உண்டு. இதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் லேபிளில் வேறு எழுதியிருக்கிறோமே என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மிச்சப் பாட்டில்களை நிறுத்தி, வாங்கியவர்களுக்கெல்லாம் மாற்றித் தருவதாகத் தகவல் அனுப்பினார்.

அந்த அம்மாவிடம் நானே போனேன். என் குடியிருப்பிலிருந்து நடக்கிற தூரம். தஞ்சாவூர்ப் பேச்சு. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். புதுப் பாட்டிலை நீட்டினேன். இரண்டையும் திறந்து மாற்றி மாற்றி முகர்ந்தார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“புதுசு வேண்டாம்மா. தழையைக் கசக்கின மாதிரி நெடி அடிக்குது,” என்றார். பழையதை மறுபடி முகர்ந்தார். “இது அவர் போடற சோப்பு வாசனை. முப்பத்தாறு வருஷம் அதே சோப்பு. குளிச்சுட்டு வந்து பக்கத்துல படுத்தா இதே மாதிரிதான் இருக்கும்.”

அந்த மாதிரிச் சோப்புக்கு எந்தக் கம்பெனியும் செடியிலிருந்து எண்ணெய் எடுக்காது. அவருக்கு வேண்டியிருந்ததே அந்தச் செயற்கை வாசனைதான்.

பழைய பாட்டிலைத் திரும்ப எடுத்து வர வேண்டும் என்றுதான் முதலாளி சொல்லியிருந்தார். நான் எடுக்கவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, லேபிளில் ‘முழுக்க இயற்கை’ என்பதை அடித்துவிட்டு, ‘செயற்கை வாசனை கலந்தது’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

“உங்களுக்கு எது பிடிக்கும்?” என்று கேட்டார்.

“எனக்கு இப்ப மூக்கு இல்லைங்க. ரெண்டும் தண்ணி மாதிரிதான்.”

அவர் ஐயோ என்றெல்லாம் சொல்லவில்லை. “எனக்கும் முதல் ஆறு மாசம் அப்படித்தான் இருந்துது, எல்லாமே,” என்றார். எழுந்து போய் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். கடித்தேன். கரகரவென்று இருந்தது. வெளியே வந்து நடக்கும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாலையைக் கடக்கச் சிக்னலுக்குக் காத்திருந்தேன்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. முகர்வதற்கு வேறொரு பெண் வந்தாள், வேதியியல் முடித்தவள். அவள் சந்தேகப்படும் எண்ணெய் ஆய்வகத்துக்குப் போகிறது. நான் லேபிள் எழுதுகிறேன். கம்பெனி இப்போது இன்னொரு லாவெண்டரும் செய்கிறது. அதில் என்னென்ன கலந்திருக்கிறது, எது செடியிலிருந்து, எது தொழிற்சாலையிலிருந்து என்று வரிவரியாகப் போட்டிருக்கிறோம். பச்சை எழுத்து கிடையாது. குறைவாகத்தான் விற்கிறது. முதலாளி நிறுத்திவிடலாமா என்று அவ்வப்போது கேட்பார். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள் என்பேன். அச்சா என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுப்பார்.